வண்டியில் இருந்தபடி போட்ட கையெழுத்து

தென்காசி
14.7.2025

அன்புத் தங்கை யோகலட்சுமிக்கு,

அக்காள் மங்களேஸ்வரி எழுதுவது. முதலில் நம் பிள்ளைகள் சங்கதியைச் சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துபோகும். பேத்தி அபர்ணா விவசாயக் கல்லூரியில் போன பரீட்சைக்கு வகுப்பிலேயே இரண்டாவது. முதலாவதாக வந்தவளுக்கும் இவளுக்கும் ஒன்றரை மார்க்குதான் வித்தியாசம், அதையும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. மகள் வயிற்றுப் பேரன் விஜயசங்கருக்குத் திருவனந்தபுரத்தில் கம்ப்யூட்டர் வேலை. முதல் சம்பளத்தில் எனக்கு மிக்ஸி வாங்கி வந்தான். பழையது நன்றாகத்தான் ஓடுகிறது, ஆனாலும் தெருவில் நாலு பேருக்குக் காட்டினேன்.

எல்லாருக்கும் மேலே என் மகன் முத்துகுமரன். உனக்குத் தெரியாததா, ஆனால் எழுத ஆசையாக இருக்கிறது. பதினேழு வருஷம் பட்டாளம். ஹவில்தாராகத் திரும்பி வந்து, முப்பத்தாறு வயதில் மீசை முளைக்காத பையன்களோடு பெஞ்சில் உட்கார்ந்து வக்கீலுக்குப் படித்தான். இன்றைக்கு கோர்ட்டு வாசலில் ‘பட்டாளத்து வக்கீல்’ என்றால் ஆட்டோக்காரன் நேரே அவன் ஆபீசில் இறக்கிவிடுவான். மூன்று வருஷமாக வார்டு கவுன்சிலர் வேறு. அடுத்த வருஷம் சட்டசபைத் தேர்தலுக்குக் கட்சி இவனுக்குத்தான் சீட்டுக் கொடுக்கும் என்று பேச்சு. ஒன்றியச் செயலாளர் ஆவுடைநாயகம் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கும் ஒரு பெருமை வந்திருக்கிறது. என்னை கோர்ட்டில் சாட்சி சொல்லக் கூப்பிடப் போகிறார்கள். குற்றாலத்தில் சீசனுக்கு ரூம் வாடகைக்கு விடுவாளே என் சிநேகிதி மாரித்தாய், அவள் உயில் விஷயம். அஞ்சாவது படித்த எனக்கு வந்த மரியாதையைப் பார்.

சாரல் நன்றாக இருக்கிறது. எனக்கு முட்டுவலி தவிரக் குறையில்லை. உன் காதும் சுகரும் எப்படி? போனில் நான் கத்துவது உனக்குக் கேட்பதில்லை, தெருவுக்குத்தான் கேட்கிறது. அதனால் கடிதமே போடு. உன் பேரன் எழுந்து நிற்கிற போட்டோவைக் கழுவி தபாலில் அனுப்பு. போனில் வருவது விரலால் தள்ளினால் போய்விடுகிறது.

இன்னொன்று. கொரோனா சமயம், நாலு வருஷத்துக்கு முந்தின வைகாசியில், நான் உனக்கு எழுதிய கடிதம் இருக்கிறதா? சும்மாதான் கேட்கிறேன்.

உன் அக்காள்,
மங்களேஸ்வரி


மும்பை, செம்பூர்
2.8.2025

அக்காவுக்கு யோகலட்சுமி வணக்கம்.

உன் கடிதம் வந்தது. மகள் சத்தமாகப் படிக்கிறேன் என்றாள், கொடு என்று பிடுங்கி நானே படித்தேன். மூணாவது படித்தவளுக்கும் கண் இருக்கிறது. சுகர் குறைந்திருக்கிறது, காது மட்டும் போன இடத்திலிருந்து வரவில்லை. வலது பக்கம் நின்று பேசினால் கொஞ்சம் கேட்கிறது. இந்த வீட்டில் எல்லாரும் இடது பக்கம்தான் நிற்கிறார்கள்.

அபர்ணாவுக்கு ஒன்றரை மார்க்கை நான் போட்டுவிட்டேன் என்று சொல். முத்துகுமரன் எம்.எல்.ஏ. ஆனால் எனக்கு ஒரு காது மிஷின் வாங்கித் தரச் சொல். சின்னம்மா மடியில் உட்கார்ந்து சோறு தின்றவன்.

உன் கடிதமெல்லாம் பிஸ்கட் டப்பாவில் இருக்கிறது. பதினொரு வருஷத்துக் கடிதம், மூன்று டப்பா. நீ எழுதியதை எங்கே தூக்கிப் போடுவேன்? வைகாசிக் கடிதத்தையும் தேட வேண்டும். சும்மா கேட்கிறேன் என்று நீ சொன்னால் சும்மா இருக்காது என்று எனக்குத் தெரியும். என்ன விஷயம்?

பேரனுக்கு ஆவணியில் மொட்டை. அதற்குப் பிறகு போட்டோ அனுப்புகிறேன்.

யோகலட்சுமி


தென்காசி
20.8.2025

அன்புத் தங்கைக்கு அக்காள் எழுதுவது.

எல்லாரும் சுகம். எனக்கு இரண்டு நாள் காய்ச்சல் அடித்து விட்டுவிட்டது. ஒன்றுமில்லாததற்கு நீ ஏன் இத்தனை கேள்வி கேட்கிறாய்? விஷயம் இவ்வளவுதான். மாரித்தாய் சாவதற்குப் பதினொரு நாள் முன்னால் குற்றாலத்து வீட்டை ஆவுடைநாயகத்துக்கு எழுதி வைத்தாள். அவர் அவளுக்குக் கொழுந்தன் மகன்தான், வேற்று ஆள் இல்லை. உயிலை முத்துகுமரன் எழுதினான். சாட்சிக்கு நானும் அவன் குமாஸ்தா மாடக்கண்ணுவும் கையெழுத்துப் போட்டோம். மாடக்கண்ணு போன வருஷம் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தான். இப்போது உயிரோடு இருக்கிற சாட்சி நான் ஒருத்திதான்.

மாரித்தாயின் அண்ணன் மகள் அனுசியா, ஒன்பது வருஷம் கூடவே இருந்து சீசன்காரர்களுக்குச் சமைத்துப் போட்டவள், வீட்டை விட்டு இறங்க மாட்டேன் என்கிறாள். உயில் பொய் என்கிறாள். அதனால் வழக்கு. நான் கூண்டில் ஏறி, மாரித்தாய் கைரேகை வைத்ததைப் பார்த்தேன் என்று சொன்னால் முடிந்துவிடுமாம். சாட்சி சொல்லப் போகையில் கட்டிக்கொள்ள முத்துகுமரன் எனக்குப் பச்சையில் புதுச்சேலை எடுத்து வந்தான். மருமகளுக்குக்கூட எடுக்கவில்லை.

அந்த வைகாசிக் கடிதத்தை எனக்கு அனுப்பிவிடு. தேதியெல்லாம் மறந்துபோய்விட்டது, படித்து நினைவுபடுத்திக்கொள்ளலாம். ரிஜிஸ்தர் போடாதே. சாதாத் தபாலில் என் பெயருக்குப் போடு, முத்துகுமரன் ஆபீஸ் விலாசத்துக்குப் போட்டுவிடாதே.

மொட்டை போட்டாயிற்றா? போட்டோவை மறக்காதே.

மங்களேஸ்வரி


மும்பை
11.9.2025

அக்காவுக்கு,

கடிதம் இரண்டாவது டப்பாவில் இருந்தது. தேதி 29.5.2021. நான்கு பக்கம். மூன்று பக்கம் யார் யார் செத்துப்போனார்கள் என்று எழுதியிருக்கிறாய். நாலாவது பக்கத்தில் நீ எழுதியதை அப்படியே எழுதுகிறேன்:

‘நேற்று முத்துகுமரன் காரில் என்னை குற்றாலம் கூட்டிப் போனான். மாரித்தாய்க்கு அந்த நோய்தான். காரை விட்டு இறங்கவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். அவன் மட்டும் உள்ளே போய்விட்டு வந்தான். மடியில் பைலை வைத்து நான் கையெழுத்துப் போட்டேன். காருக்குள் இருந்து போட்டாலும் கோணாமல் போட்டிருக்கிறேன். மாரித்தாயைப் பார்க்க முடியாமல் வந்ததுதான் வருத்தம்.’

அக்கா, நீ உள்ளே போகவே இல்லையா?

சாட்சி என்றால் பார்த்தவள்தானே? நீ பார்க்கவில்லை என்று நீயே எழுதியிருக்கிறாய். இதை உனக்கு அனுப்பலாமா கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் அனுப்பவில்லை.

முத்துகுமரன் பட்டாளத்தில் மேலதிகாரிக்கு எதிராக நின்றது எனக்கு நினைவு வந்தது. மலையில் லாரி கவிழ்ந்தபோது, டிரைவர் குடித்திருந்ததைப் பார்த்தேன் என்று கையெழுத்துப் போடச் சொன்னார்கள். ‘நான் பாக்கலை சார்’ என்று ஒரே பேச்சாகச் சொல்லி, அதனால் சுபேதார் ஆகாமலே வீட்டுக்கு வந்தானே. அந்தக் கதையை நீ எத்தனை கல்யாண வீட்டில் சொல்லியிருப்பாய்.

பேரனுக்கு மொட்டை போட்டோம். ஊரையே கூட்டி அழுதான். எனக்கே கேட்டது. உடம்பைப் பார்த்துக்கொள். உடனே பதில் போடு.

யோகலட்சுமி


தென்காசி
4.11.2025

தங்கை யோகலட்சுமிக்கு,

பதில் போட நாளாகிவிட்டது. தீபாவளி வேலை. பிறகு அடைமழை, தபால் பெட்டி வரை நடக்க முடியவில்லை. எல்லாரும் சுகம்.

தீபாவளிக்கு மறுநாள் அனுசியா வந்தாள். காப்பி கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனாள்.

ஆவுடைநாயகமும் வந்தார். எனக்குப் பொன்னாடை போர்த்தி, ஆச்சி இரண்டு வார்த்தை சொன்னால் போதும், அண்ணாச்சி எம்.எல்.ஏ. ஆகிவிடுவார் என்றார். முத்துகுமரன் பக்கத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தக் கடிதத்தை எரித்துவிடு. நான் ஏதோ அறியாமல் எழுதியது.

மங்களேஸ்வரி


மும்பை
18.11.2025

அக்கா,

இரண்டு மாதம் கழித்து அரைப் பக்கம். என் சுகர் எவ்வளவு என்று நீ கேட்கவில்லை. நானே சொல்கிறேன், ஏறிவிட்டது. போட்டோவும் கேட்கவில்லை. அதைப் படித்தபோதுதான் எனக்குப் பயமாகிவிட்டது. மகளை விட்டு உன் வீட்டுக்குப் போன் போடச் சொன்னேன். மருமகள் எடுத்து, அத்தை நன்றாகத்தான் இருக்கிறார்கள், சாப்பாடுதான் இறங்கவில்லை என்றாளாம்.

அனுசியா காப்பி குடிக்கவா குற்றாலத்திலிருந்து பஸ் ஏறி வந்தாள்?

எரிக்கச் சொல்கிறாய். எரிக்கலாம், ஒரு தீக்குச்சி வேலை. ஆனால் முதலில் எனக்கு மட்டுமாவது உள்ளதைச் சொல். வேறு யாரும் படிக்க மாட்டார்கள்.

யோகலட்சுமி


தென்காசி
10.12.2025

என் தங்கைக்கு,

இதை முத்துகுமரன் கோர்ட்டுக்குப் போன பிறகு எழுதுகிறேன். நேற்று பாதி எழுதும்போது அவன் ஸ்கூட்டர் சத்தம் கேட்டு அரிசிப் பானையில் போட்டு மூடினேன்.

நீ கேட்டாய் அல்லவா. நான் பார்க்கவில்லை. கார் மாரித்தாய் வீட்டு வாசலில் நின்றது. கண்ணாடி வழியாகத் தெரிந்தது சுவரும், துவைத்துப் போட்ட போர்வையும்தான். முத்துகுமரன் வாயைக் கட்டிக்கொண்டு பையோடு உள்ளே போனான். கால் மணி நேரம் இருக்கும். திரும்பி வந்து பைலை நீட்டினான். போட்டேன். மாடக்கண்ணு அன்றைக்கு வரவே இல்லை, பிறகு ஆபீசில் வைத்துப் போட்டிருப்பான். என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கவில்லை. பிள்ளை நீட்டுகிற காகிதத்தை எந்தத் தாய் படித்துப் பார்ப்பாள்? மாரித்தாய் கைநாட்டுக்காரி, நான் கையெழுத்துக்காரி. அந்தப் பெருமையில் போட்டேன்.

அனுசியா எதற்கு வந்தாள் என்று கேட்டாயே. அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. அழுதிருந்தால் நானும் அழுது அனுப்பியிருப்பேன். ‘ஆச்சி, அன்னைக்கு நான் மருந்து வாங்கிட்டு வாரப்ப நீங்க கார்லதான் இருந்தீய. கண்ணாடிய இறக்கி, மாரித்தாய்க்கு எப்படிட்டி இருக்குன்னு கேட்டீய. நான் அதச் சொன்னா வழக்குக்காரி சொல்லுதான்னு போயிரும். நீங்க சொன்னாத்தான் உண்டு’ என்றாள். நான் காப்பி ஆறுது குடி என்றேன். வேறு என்ன சொல்ல?

போன வாரம் நாலு பக்கம் டைப் அடித்துக் கொண்டு வந்தார்கள். என் வாக்குமூலமாம். இந்தத் தடவை கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். ‘நான் மாரித்தாய் அம்மாளின் கட்டிலருகே நின்றிருந்தேன்’ என்று இருந்தது. நான் முத்துகுமரனைப் பார்த்தேன். ‘மாரித்தாய் ஆச்சி சம்மதிச்சுத்தான் வச்சாம்மா. நீ கொஞ்சம் தள்ளி இருந்தே, அவ்வளவுதான். கோர்ட்டுக்கு அத விளக்கிட்டு இருக்க முடியாது’ என்றான். சம்மதித்தாளா என்று நான் இரண்டாம் தரம் கேட்கவில்லை. கேட்டால் வேறு பதில் வந்துவிடுமோ என்று பயம். கையெழுத்துப் போட்டுவிட்டேன். அதிலும் கோணல் இல்லை.

சீட்டுக்கு மனு கொடுத்துவிட்டான். ஆவுடைநாயகம் கூடவே போய் வந்தார். நான் மாற்றிச் சொன்னால் சீட்டு போகும். சீட்டு போனால் போகட்டும், வக்கீல் தொழில் செய்கிற சன்னதையே பிடுங்கிவிடுவார்களாம். அபர்ணாவுக்கு மாப்பிள்ளை பார்க்க வேண்டும். பொய்யன் மகள் என்று ஊர் சொல்லும். சொல்லாவிட்டால் அனுசியா எங்கே போவாள்? தை ஆறாம் தேதி என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். கோவிலுக்குப் போனால் அம்மன் முகத்தைப் பார்க்க முடியவில்லை, காலைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

நீ என்ன செய்வாய், சொல்.

மங்களேஸ்வரி


மும்பை
22.12.2025

அக்காவுக்கு,

கடிதம் வந்தது. மூன்று நாள் என்னிடமே வைத்திருந்தேன். நீ சாப்பிட வேண்டும். கஞ்சியாவது குடி.

நான் என்ன செய்வேன் என்று கேட்கிறாய். என் மகன் மாட்டிக்கொள்ளவில்லை, என் சிநேகிதி சாகவில்லை. இங்கே உட்கார்ந்துகொண்டு அப்படிச் செய், இப்படிச் செய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் ஒன்று செய்துவிட்டேன். வைகாசிக் கடிதத்தை நேற்று அடுப்பில் போட்டுவிட்டேன். நாலு பக்கமும் போயிற்று. நீ இப்போது எழுதியதையும் சேர்த்துப் போட்டேன். இனிமேல் உன்னை யாரும் பிடிக்க முடியாது. எந்த வக்கீலும் உன் கையெழுத்தைக் காட்டி மடக்க முடியாது. மாடக்கண்ணு இல்லை, மாரித்தாய் இல்லை, கடிதம் இல்லை. நீ பயந்து உண்மையைச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

நீ என்ன சொன்னாலும் அது நீயாகச் சொன்னதுதான். எப்படி இருந்தாலும் நான் உன் தங்கைதான்.

யோகலட்சுமி


தென்காசி
24.1.2026

என் யோகலட்சுமிக்கு,

உன் கடிதம் பொங்கலுக்கு முந்தின நாள் வந்தது. அடுப்பில் போட்டுவிட்டேன் என்று படித்ததும் முதலில் அப்பாடா என்று இருந்தது. சாயங்காலம் வரைக்கும்தான் அந்த நிம்மதி. பிறகு உன்மேல் கோபம் வந்தது. மாட்டிக்கொள்வேன் என்ற பயம் இருந்தவரை அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நீ அதையும் எடுத்துக்கொண்டாய்.

தை ஆறாம் தேதி போனேன். பச்சைச் சேலை கட்டவில்லை, பழையதையே கட்டினேன். முத்துகுமரன் பார்த்தான். அவன் இந்த வழக்கில் வக்கீல் இல்லை, ஆவுடைநாயகத்துக்கு வேறு வக்கீல். இவன் கறுப்புக் கோட்டோடு பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். எனக்கு நேர் எதிரே அனுசியா.

அனுசியா பக்கத்து வக்கீல் மகாராஜா என்கிற பையன். முத்துகுமரனிடம்தான் தொழில் பழகினான், நம் வீட்டில் எத்தனையோ நாள் சாப்பிட்டவன். அதட்டுவான், குழப்புவான் என்று பயந்துகொண்டிருந்தேன். அவன் என்னை உட்கார நாற்காலி போடச் சொன்னான். என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டான். அஞ்சாம் வகுப்பு, அதற்கு மேல் அய்யா அனுப்பவில்லை என்றேன். நன்றாக வாசிப்பீர்களா என்றான். பேப்பர் தினமும் வாசிப்பேன் என்றேன். அந்த உயிலை என் கையில் கொடுத்து, உங்கள் கையெழுத்துக்கு மேலே இருக்கிற வரியை மட்டும் வாசியுங்கள் ஆச்சி என்றான்.

நாலரை வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அந்த வரியை நான் பார்க்கிறேன். எழுத்துக் கூட்டித்தான் வாசித்தேன். ‘மேற்படி மாரித்தாய் அம்மாள் எங்கள் முன்னிலையில் தமது இடது கைப் பெருவிரல் ரேகை வைக்க, நாங்கள் எங்கள் கண்ணால் பார்த்து சாட்சி செய்தோம்.’ கண்ணால் என்கிற இடத்தில் நின்றுவிட்டேன். மகாராஜா மேலே ஒன்றுமே கேட்கவில்லை. ஜட்ஜ் அம்மா, தண்ணீர் வேண்டுமா என்றார். மாரித்தாய் பெருவிரல் அந்தக் காகிதத்தில் இரண்டு இடத்தில் விழுந்திருந்தது. ஒன்று வழுக்கி, மையாக. பக்கத்திலேயே இன்னொன்று. பூ மாதிரி வைப்பாள் அவள். ரேஷன் கடையில் வைக்கும்போது நானே பார்த்திருக்கிறேன், ஒரே அழுத்து, ஒரே எடுப்பு. வழுக்கிப் போனது அவள் வைத்தது இல்லை.

‘நான் பாக்கலை. கார்ல இருந்தேன்’ என்றேன்.

அப்படியானால் அந்த டைப் அடித்த வாக்குமூலம் என்ன என்றார் ஆவுடைநாயகத்தின் வக்கீல். அதுவும் பொய், படித்துப் பார்த்துதான் கையெழுத்துப் போட்டேன், தப்பு என்னுடையது என்றேன். ஆவுடைநாயகம் எழுந்து வெளியே போனார். நாற்காலி விழுந்தது, அவர் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குப் பின் பெஞ்சைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

வெளியே வந்தால் முத்துகுமரன் காரைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தான். ஏறினேன். வீட்டுப் பக்கம் திரும்பாமல் குற்றாலம் ரோட்டில் போனான். காசிமேஜர்புரம் தாண்டி ஓரமாக நிறுத்தினான். திட்டுவான் என்று இருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

‘மாரித்தாய் ஆச்சிக்கு நெனவே இல்லம்மா’ என்றான். ‘கையப் பிடிச்சு நான்தான் வச்சேன். முதல்ல சரியா விழல. ரெண்டாவது தடவயும் வச்சேன்.’

எனக்குத் தெரியும் என்றேன். தெரியும் என்பது அதைச் சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

ஏன் செய்தாய் என்று கேட்டேன். கவுன்சிலர் சீட்டு தருகிறேன் என்று ஆவுடைநாயகம் சொன்னாராம். தினமும் பத்துப் பேர் சாகிற நேரம், போகிறவள் வீடு யாருக்குப் போனால் என்ன என்று நினைத்தானாம். அந்த ரூமில் கால் மணி நேரத்தில் பத்து நிமிஷம் சும்மா நின்றானாம். பட்டாளத்தில் குண்டு விழுகிற இடத்தில்கூடக் கை நடுங்காதவனுக்கு அன்றைக்கு நடுங்கிற்றாம். அதனால்தான் வழுக்கியதாம்.

இன்றோடு நாலு நாள். ஆபீஸ் போகிறான், வருகிறான். என்னிடம் பேசுவதில்லை. மருமகள் எனக்குச் சோறு போடுகிறாள், முகம் பார்ப்பதில்லை. கட்சிக்காரர் ஒருவரும் வாசலுக்கு வரவில்லை. சீட்டு போய்விட்டது என்று பால்காரன்தான் சொன்னான். நான் செய்தது சரி என்று எழுதாதே. சரி, தப்பு எதுவும் எனக்கு இப்போது வேண்டாம்.

மங்களேஸ்வரி


மும்பை
31.1.2026

அக்கா,

சரி என்று எழுதவில்லை. மாசியில் ஊருக்கு வருகிறேன். மகள் டிக்கெட் போட்டுவிட்டாள். உன் கட்டிலில் இடது பக்கம் எனக்கு, நீ என் வலது பக்கமிருந்தே பேசு. முட்டுக்குத் தைலம் கொண்டுவருகிறேன். அதுவரை முத்துகுமரனிடம் நீயாகப் பேச்சுக் கொடுக்காதே, சோற்றை மட்டும் எடுத்து வை. அவன் சாப்பிடுகிறானா என்று மட்டும் எழுது.

யோகலட்சுமி


தென்காசி
12.2.2026

என் தங்கைக்கு,

நீ வருகிற தேதியைக் காலண்டரில் எழுதிவிட்டேன். பெட்டியைத் தூக்காதே, ஸ்டேஷனுக்கு ஆள் வரும்.

சாப்பிடுகிறானா என்று கேட்டாய். எட்டு நாள் வெளியிலேயே சாப்பிட்டான். ஒன்பதாம் நாள் மத்தியானம் மகாராஜா வீட்டுக்கு வந்தான். முத்துகுமரனைச் சாட்சியாகக் கூப்பிட மனுப் போட வேண்டும், அதைச் சொல்லிவிட்டுச் செய்யலாம் என்று வந்தேன் என்றான். தொழில் பழக்கியவரிடம் நோட்டீஸ் நீட்டுகிறவன் மாதிரி இல்லை, காய்ச்சல்காரன் மாதிரி நின்றான். ஆச்சி சொன்னது உயிலைத் தள்ளுவதற்குப் போதும், ஆனால் அவர்கள் மேல்கோர்ட்டுக்குப் போவார்கள், வயதானவள், மறதி என்பார்கள் என்றான்.

அடுக்களையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். முத்துகுமரன் அவனை உட்காரச் சொன்னான். பிறகு சொன்னான்: ‘சம்மன் வேண்டாம்லே. தேதியச் சொல்லு, நானே வாரேன். எங்கம்மாவ யாரும் மறதிக்காரின்னு சொல்லக் கூடாது.’

மகாராஜா போன பிறகு இவன் கையைக் கழுவிவிட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தான். போட்டேன். மருமகள் வந்து, சன்னது போனால் வீட்டுக்கு என்ன வழி, பிள்ளைக்கு என்ன வழி என்று கேட்டாள். அவள் கேட்டது நியாயம்தான். பென்ஷன் வருது, அது பொய் சொல்லாம வந்தது என்றான். அவள் அழுதுகொண்டே அவனுக்கு ரசம் ஊற்றினாள்.

அபர்ணாவிடம் அவனே போனில் எல்லாம் சொன்னான். ஒன்றும் மறைக்கவில்லை. அந்தப் பக்கம் அவள் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. போனை வைத்துவிட்டு முற்றத்தில் கொஞ்ச நேரம் நின்றான்.

நேற்று தேதி. காலையில் கோட்டைத் தேய்த்து வைத்திருந்தேன், பழக்கம். எடுக்கவில்லை. கோர்ட்டுக்குப் போகிறாயே என்றேன். ‘சாட்சிக்கு எதுக்கும்மா கோட்டு’ என்றான். வெள்ளைச் சட்டையோடு கிளம்பினான். நீ வர வேண்டாம் என்றான். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு காரில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

அங்கே வழக்கறிஞர்கள் எல்லாரும் இருந்தார்கள். ஒருத்தரும் இவனுக்கு வணக்கம் சொல்லவில்லை. எப்போதும் உட்காருகிற பக்கம் போகாமல், வழக்குக்காரர்கள், வாய்தாவுக்கு வந்தவர்கள் உட்காருகிற பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தான். அந்தக் கோடியில் அனுசியா. நான் என் கையை அவன் முட்டியில் வைத்திருந்தேன்.

சாட்சியை மூன்று தரம் பேர் சொல்லிக் கூப்பிடுவது அங்கே வழக்கமாம். ஆள் எங்காவது வெளியே டீ குடித்துக்கொண்டு நிற்பான் என்று. பேர் கூப்பிடுகிற டவாலி பதிமூன்று வருஷமாக இவனை வக்கீல் சார், வக்கீல் சார் என்று கூப்பிட்டவன். இவன் முகத்தைப் பார்க்காமல் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டு, ‘முத்துகுமரன்’ என்று ஒரு தரம் கூப்பிட்டான்.

இரண்டாம் தரத்துக்கு அவன் வாயைத் திறக்குமுன்னே என் பிள்ளை கூண்டில் நின்றான்.

அக்காள்,
மங்களேஸ்வரி